நாற்பதில் ஏழு

டேனரி சாலை, பஞ்சர் கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு பதினொரு மணிக்குப் பெண்கள் வகுப்பு.
படியெல்லாம் செருப்பு.
நாற்பத்தெட்டு வயதில் சேர்ந்தவள் நான்,
என் செருப்பு எப்போதும் கடைசிப் படியில்.

ஆலிமா ருகையாவுக்கு இருபத்தாறு.
மடியில் பல் முளைக்கும் பிள்ளை.
அரபியில் ஒரு வரி,
அதைத் தொட்டு வாணியம்பாடித் தமிழில் ஒரு வரி.

அன்றைக்கு சூரத்துந் நிஸா.
இருபத்தேழு ரமலான் ஓதி முடித்த சூராதான்.
எங்கே நிறுத்த, எங்கே நீட்ட,
எங்கே மூக்கில் இழுக்க, எல்லாம் தெரியும்.
அதில் எனக்கொரு பங்கு எழுதியிருப்பது தெரியாது.
என் பேருக்கு வந்த கடிதத்தை
உறை பிரிக்காமல்
முத்தமிட்டு, கண்ணில் ஒற்றி,
அலமாரியின் உயரத்தில் வைத்திருந்திருக்கிறேன்.

"மனைவிக்கு எட்டில் ஒன்று.
மிச்சத்தில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று."

"மகளுக்கு ஏன் ஒன்று?"
பின்வரிசையில் கல்லூரிப் பெண் கேட்டாள்.
ருகையா இருபது நிமிடம் பதில் சொன்னாள்.
அந்தப் பெண் சமாதானம் ஆகவில்லை.
அந்தச் சண்டைக்கு எனக்கு இன்னும் முறை வரவில்லை.
அந்த ஒன்றே
வந்து சேரவில்லையே.

வீட்டில் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.
முன்பக்கம் கன்னடம். நடுவில் என் பென்சில்.
அம்மாவுக்கு ஐந்து.
அண்ணன்மார் இருவருக்கும் பதினான்கு, பதினான்கு.
எனக்கு ஏழு.
கூட்டினால் நாற்பது.
மூன்று முறை கூட்டினேன்.
ஏழாம் வகுப்போடு நின்றவள்,
கணக்கு சரியாக வந்ததும் பயந்துபோனேன்.

நாற்பது என்பது
குஜிரியில் அத்தாவின் கியர்பாக்ஸ் கடை,
அதன் பின்னால் ஐந்து ஸ்கொயர் வீடு,
அத்தா போன பிறகு பதினோரு வருஷ வாடகை.

இஷா முடிந்து போனேன்.
ஜபருல்லா அண்ணன் மரத்தூளில் கிரீஸ் கை தேய்த்துக்கொண்டிருந்தார்.
டீ வரவழைத்தார். எனக்கு மட்டும் பன்.
தாளைக் கொடுத்தேன்.
படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
"முப்பது பவுன் போட்டோமே?"
"அது அத்தா இருக்கும்போது தந்தது, அண்ணே.
இது அத்தா விட்டுப் போனது."
"யார் சொல்லிக் கொடுத்தது இதெல்லாம்?"

சொல்லியிருக்கலாம்.
அந்த மேல்மாடி மத்ரஸாவுக்குப் பொருளாளர் அவர்தான்.
வகுப்பில் சுற்றும் ஃபேன் இறக்கையில்
சிவப்புப் பெயிண்டில் அவர் பேர்:
அன்பளிப்பு, அ. ஜபருல்லா, குஜிரி.
அதன் காற்றில்தான் படித்தேன்.

சொல்லவில்லை.
சின்னதில் என்னை சைக்கிள் பாரில் உட்கார்த்தி
ஓதக் கூட்டிப்போனவரும் அவர்தான்.
ஒரு மழையில் தன் சட்டையைக் கழற்றி
என் குர்ஆன் பையைச் சுற்றினார்.
நான் நனைந்தேன், அவர் நனைந்தார்,
பை நனையவில்லை.

தாளைத் திருப்பித் தரவில்லை.
கிழிக்கவுமில்லை.
மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கரண்ட் இல்லை.
ருகையா பாடப் புத்தகத்தால் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.
படியில் ஒரு தயங்கல்.
அண்ணி.

ஜபருல்லா அண்ணனின் மனைவி ஹைருன்னிசா
எங்கள் வீட்டுக்கே விசேஷத்துக்குத்தான் வருவாள்.
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"பில்லைக் கட்டிட்டார் உங்க அண்ணன்."
"பின்பக்கம்?"
"அதப் பத்தி ஒண்ணும் பேசல.
ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டைப் போட்டு
எதையோ பாத்துட்டிருந்தார்."

பிறகு புர்க்காவுக்குள்ளிருந்து
அவளும் ஒரு தாளை எடுத்தாள்.
கல்யாணப் பத்திரிகையின் வெறும்பக்கம்.
"ஆலிமாம்மா, கோலார்ல வீடு, பன்னெண்டு புளியமரம்.
அத்தா அம்மா ரெண்டு பேரும் இல்ல.
ஆம்பள மூணு, பொம்பள நாலு.
எனக்கு எவ்வளவு?"

"பத்தில் ஒன்று."

அண்ணி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள்,
புது ஆயத்தை மனப்பாடம் பண்ணுவதைப் போல.
அப்புறம் நிமிர்ந்தாள்.
ஓடும்போது வெறும் சிவப்பு வட்டமாகத் தெரிவது
நின்றிருந்ததால்
எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

ரொம்ப நேரம் பார்த்தாள்.
"தூசி அடைஞ்சு கெடக்கு," என்றாள்.
"ஸ்டூல் இருக்கா?"