முடக்கடி

விடிய நாலே முக்காலுக்கு
அக்கராயன் றோட்டில்
நானும் டைனமோவும்தான் சத்தம்.
முறிகண்டிச் சந்தியில் ஐந்தேகாலுக்குக் கொம்பனி பஸ்.
விட்டால் அரைநாள் சம்பளம் போச்சு,
மாதம் முழுக்க வந்ததற்குத் தருகிற காசும்
அதோடு சேர்ந்து போச்சு.

காம்ப் இருந்த முடக்கில் மூன்று நாய்கள்.
ஆமி எழும்பிப் போகையில்
தகரம் கழற்றினார்கள்,
முட்கம்பி சுருட்டினார்கள்,
வாசலில் இருந்த பூச்சாடிகளையும்
எண்ணி லொறியில் ஏற்றினார்கள்.
நாயை எண்ணவில்லை.

கரியனுக்கு ஒரு காது பாதி.
அதுதான் முதலில் வரும்.
குரைக்காது.
குரைக்கிற நாயோடு பேசிப் பார்க்கலாம்.
இது தரையோடு தரையாய்
என் இடது குதிக்காலை மட்டும்
பார்த்துக்கொண்டு வரும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.
காலைத் தூக்கி ஹாண்டிலில் வை என்றான் தம்பி.
அவனுக்கென்ன, காற்சட்டை போடுகிறவன்.
மிளகாய்த்தூள் கொண்டுபோ என்றாள் நிரோஜினி.
கொண்டுபோனேன்.
காற்று என் பக்கம் அடித்தது.
அன்றைக்கு முழுக்க அழுதழுது கொலர் தைத்தேன்.
லைன் லீடர் அக்கா கிட்ட வந்து
"வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டா.

வேகமாய் மிதி என்றார்கள்.
மிதித்தேன். அதற்கும் வேகம் வந்தது.

"இறங்கி உருட்டு, பிள்ளை.
ஓடுகிறதைத்தான் நாய் கலைக்கும்,
நடக்கிறதை விட்டுவிடும்"
என்றார் தபால்கார பத்திநாதர்.
முப்பது வருசம், ஏழு கடி,
அவருக்குத் தெரியாததில்லை.
ஆனால் என்னுடையது டைனமோ லைற்.
இறங்கினால் அணைந்துவிடும்.
மூன்று நாயோடு இருட்டில் நிற்கிற வைத்தியத்தைப்
பகலில் தபால் கொடுக்கிறவர் சொல்லலாம்.

"அடீக்" என்றேன். "அடீக், அடீக்!"
எங்கள் ஒழுங்கை நாய்களுக்கு
அந்தச் சொல் போதும், வால் உள்ளே போய்விடும்.
கரியனுக்கு அது ஒரு சொல்லே இல்லை.

மாரி தொடங்கிய கிழமை,
சரியாக முடக்கடியில்
செயின் கழன்றது.
லைற் செத்தது.
கிறவலில் நகம் கீறுகிற சத்தம்
கிட்டக் கிட்ட வந்தது.
அப்போது என் வாயில் வந்த சொல்
என் வீட்டுச் சொல் இல்லை.

"யன்ன!"

பாக்கைக் கிண்டி முடித்து,
அடையாள அட்டையைத் திருப்பி நீட்டி,
முகத்தைப் பாராமல் சொல்வார்களே
அந்த யன்ன.
போ.
எத்தனை வருசம் கேட்டது!
அதே கட்டைக் குரல், அதே வெட்டு.
எனக்குள் எங்கே கிடந்ததோ.

நகச் சத்தம் நின்றது.
மூச்சு மட்டும், முழங்காலுக்குப் பக்கத்தில், சூடாக.
பிறகு
திரும்பிப் போகிற நாலு கால்.

சொன்னது நான்தான்.
ஆனாலும் யாரோ எனக்குச் சொன்னதுபோல
விறைத்துப்போய் நின்றேன்.
போ என்றால் போகத்தானே வேண்டும்,
போக முடியவில்லை.
செயினைத் தடவித் தடவி ஏற்றினேன்.
சந்திக்கு வந்தபோது
பஸ்சின் பின் லைற் சிவப்பாய்ச் சிறுத்துக்கொண்டிருந்தது.
கையெல்லாம் கிறீஸ்.

இப்போது முடக்குக்கு முன்னமே சொல்லிவிடுகிறேன்.
கரியன் நிற்கும்.
சில நாள் குந்தியிருந்து
எனக்குப் பின்னால் இருக்கிற றோட்டைப் பார்க்கும்,
சொன்ன ஆள் இனித்தான் வரப்போவதுபோல.

மற்ற இரண்டும்
காம்ப் போன பிறகு பிறந்ததுகள்.
அதுகளுக்கு அந்தச் சொல்லும் விளங்காது,
இந்தச் சொல்லும் விளங்காது.
அதனால் முன்கூடையில்
சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில்
நாலு கல் வைத்திருக்கிறேன்.

பின்னேரம் திரும்பி வருகையில்
இறங்கி, தேடிப் பொறுக்கிக்கொள்வேன்.
நேற்று மூன்றுதான் கிடைத்தது.