பதினேழுக்கு மேல்

ஒரு கைப்பிடி நெல்லை
மீட்டரின் குடுவையில் கொட்டி
மூடியை இறுகத் திருகினால்
எண் வரும்.
பதினேழுக்குள் என்றால் தராசு.
மேலே என்றால்
"காய வச்சு எடுத்துட்டு வாங்க."

கோட்டூருக்குத் தெற்கே
ஒரு கொள்முதல் நிலையத்தில்
மூன்று பருவமாக இந்த வாக்கியம் என் வேலை.
பட்டியல் எழுத்தர், தற்காலிகம்.
நிலையம் என்பது
சமுதாயக்கூடத்து வராந்தா,
கால் ஒடிந்து கம்பி கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி,
சாக்கு வாசம் ஏறிய என் துப்பட்டா.
பெயர் தையல்நாயகி.
இங்கே பில் மேடம்.

மூட்டைக்கு இவ்வளவு என்று
வேறெங்கோ வாங்குவதாகப் பேச்சு.
நான் வாங்கியதில்லை.
நீ யார் என்று எவராவது கேட்டிருந்தால்
வாங்காதவள்
என்றுதான் சொல்லியிருப்பேன்.
வேறு பதில்
கைவசம் இருக்கவில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை.
ஐந்தாம் நாள் வெயில்
கடன் வாங்கியவன் போல
தலையைக் காட்டிவிட்டு மறைந்தது.
மன்னார்குடி சாலையில்
ஒரு பாதி நெல், மறுபாதி பஸ்.
தார்ப்பாயை விலக்கிய இடமெல்லாம்
புளித்த ஆவி.
அடிமூட்டைகளின் தையல் வழியே
வெள்ளை முளை.

அன்றைக்குத்தான் பவுனு வந்தாள்.
ஆறாம் வகுப்பில் என் பக்கத்து இடம்.
குத்தகை நிலம், நாற்பத்திரண்டு மூட்டை,
நகை கூட்டுறவு வங்கியில்.
வரிசை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்:
"ஏய் அழுமூஞ்சி! நீயா பில் மேடம்?"

லோடுமேன்கள் சிரித்தார்கள்.
நான் குடுவையைத் துடைத்தேன்.
பத்தொன்பது புள்ளி ஒன்று.
இன்னொரு கைப்பிடி.
பத்தொன்பது புள்ளி மூன்று.
"கொஞ்சம் பாத்துப் போடேன், தையலு."
"காய வச்சு எடுத்துட்டு வா."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது,
'வாங்க' 'வா' ஆகியிருந்தது.
அவ்வளவுதான் என்னால் முடிந்த சலுகை.

அவள் சண்டை போடவில்லை.
தார்ப்பாயை இழுத்துப் போய்
சாலையில் நெல்லைக் கொட்டி
புடவையைத் தூக்கிச் செருகி
காலால் உழத் தொடங்கினாள்.

அழுமூஞ்சிதான் நான்.
ஆணியில் மாட்டிய ஓணானுக்கு அழுதேன்.
பவுனு அடிவாங்கினால்
அவளுக்கு முன்னால் எனக்குக் கண்ணீர் வரும்.
இப்படி இருந்தால் பிழைக்க முடியாது என்று
ஒரு வயதில் நானே முடிவெடுத்து
என்னை வெயிலில் போட்டேன்.
நன்றாகவே காய்ந்தேன்.
அப்பா போனபோதும்
கணக்குதான் எழுதிக்கொண்டிருந்தேன்,
மாலைக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு.
காய்ந்ததற்கு
நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.
இரண்டும் ஒரே சாக்கில் இருந்ததால்
பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

அளவுக்கு மேல் காய்ந்த நெல்
அரவையில் நிற்காது, குருணையாகும்.
பயிற்சியில் சொன்னார்கள்.
நான் குறித்துக்கொள்ளவில்லை.
சுற்றறிக்கை மேல்வரம்புக்குத்தான்.
கீழே எதுவரை போகலாம் என்று
யாரும் எழுதி அனுப்புவதில்லை.

சாப்பாட்டு நேரம் வந்ததும்
டிபன் பாக்ஸைத் திறக்காமல்
செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலைக்கு இறங்கினேன்.
மேலே சூடு, அடியில் குளிர்,
கணுக்காலில் சுணை.
அவள் ஒரு சாலாக, நான் ஒரு சாலாக.
பஸ் ஒன்று உரசிப் போனது.
கண்டக்டர் ஏதோ கத்தினார்.
"கோணலா உழுவுற" என்றாள் பவுனு.
அதைத் தவிர
பெரிதாக எதுவும் பேசவில்லை.

நாலரை மணிக்கு மீட்டர்:
பதினேழு புள்ளி எட்டு.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் எண்ணைப் பார்த்தேன்.
"நாளைக்கு" என்றேன்.
குரல் உடைந்திருந்தது.
எண் உடையவில்லை.
"சரிடி" என்று தார்ப்பாயின் ஒரு முனையை
என் கையில் கொடுத்தாள்.
தெற்கே மறுபடி கருத்துக்கொண்டிருந்தது.

இரவெல்லாம் கால் அரித்தது.
விளக்கைப் போட்டுப் பார்த்தால்
விரலிடுக்கில் ஒரு நெல்.
பல்லில் வைத்துக் கடித்தேன்.

எண் எதுவும் வரவில்லை.