இருபத்தெட்டாம் நாள்

கினுயோ குவபாராவின் மேசையில்
சாம்பல் நிறக் கட்டிகள் நான்கு.
டோக்கியோவுக்கு மேற்கே, மலையடிவாரத்தில்,
சூளை இரவும் பகலும் உருளும் ஆலை.

போன பருவத்தில் இவை சாக்கடைச் சேறு.
தூதரக அதிகாரியும் தையல்காரியும்
தாழிட்ட கதவுக்குப் பின்னால் விட்டுவந்தது,
யாரும் திரும்பிப் பார்க்காதது.
ஆயிரத்து முந்நூற்றைம்பது டிகிரி
யாருடையது என்று கேட்பதில்லை.

நகராட்சியிலிருந்து வந்த இஷிகுரே
ஒரு கட்டியை எடுத்தார், புரட்டினார்,
யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி
மூக்கருகே கொண்டுபோனார்.
பிறகு காது மடல் சிவந்தது.
“எல்லோரும் முகர்வார்கள்,” என்றாள்.
“நானும்தான், முதல் நாள்.”

அதையே வாங்கி
அழுத்தும் எந்திரத்தில் வைத்தாள்.
முள் ஏறியது.
நாற்பது. நாற்பத்தொன்று.
அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்,
இம்முறை வாடைக்காக அல்ல.

நாற்பத்தெட்டில் ஒரு முனகல்.
மூலையிலிருந்து கீறல் இறங்கியது.
எண்ணைக் குறித்துக்கொண்டாள்,
தூளைத் துடைத்தாள்,
அடுத்ததை எடுத்தாள்.

கணக்குக்கு மூன்று போதும்.
நான்காவது
மேசையிலேயே இருக்கிறது.
அதன்மேல் பென்சில் வைக்கிறாள்,
காகிதம் பறக்காமல் சில நாள்,
மதிய வேளைகளில்
தோலுரித்த ஆரஞ்சு.