பக்கம் நாற்பத்தொன்று: படம்

வால்டிவியாவில் மழை பிடித்துக்கொண்டால்
எப்போது விடும் என்று யாரும் கேட்பதில்லை.
பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில்
சூடேற்றிக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
அரைநாள் வேலை, அரைச் சம்பளம்:
படங்களைச் சொற்களாக்கித் தருகிறேன்.
என்ன உத்தியோகம் என்று கேட்கும் அம்மாவிடம்
நூலகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

பேராசிரியர் ஒயார்சூனின் ஆற்றியல் குறிப்பு
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒளிநகல் எடுத்தவரின் கட்டைவிரலும்
சில பக்கங்களில் விழுந்திருந்தது.
சாயென் கட்ரிலெஃப் அதைத் திறந்தபோது
அவள் மடிக்கணினியின் திரைவாசிப்பான் சொன்னது:
படம்.
படம்.
படம்.
கடைசிப் பக்கம் வரை அதே குரல், அதே சொல்.
"நல்ல சுருக்கமான பாடம்" என்றாள் என்னிடம்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
தொண்டையைச் செருமினேன்.

ஏப்ரல் தேர்வில் அவளுக்கு முன்னால் வந்தவை
பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான்.
ஒன்று அனுப்பும், ஒன்று அழிக்கும்,
மூன்றாவது என்ன செய்யும் என்று
செய்தவருக்கே தெரியுமோ என்னவோ.
மணி முடிய நான்கு நிமிடம் இருக்கையில்
ஒன்றை அழுத்தினாள்.
ஒன்றரை மணிநேர விடைகள் போன இடம் தெரியவில்லை.

இதற்கென்று ஒரு கூட்டம் போட்டார்கள்,
மூன்றாம் மாடியில்.
மின்தூக்கி பழுது என்பதால்
சக்கர நாற்காலி மாணவர் பிரதிநிதி கீழேயே நின்றுவிட்டார்.
"ஒருத்திக்காக எல்லாவற்றையும் மாற்றவா?"
கேட்டவர் கெட்டவர் அல்ல, கணக்கு பார்ப்பவர்.
ஆனால் விண்ணப்பப் படிவத்தின் முதல் திரையிலேயே
திரும்பிப் போனவர்களுக்கு
வருகைப்பதிவேடு ஏது?
அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவார்?

நான் முதலில் எழுதிக் கொடுத்த வரி:
'மழைக்காலத்தில் பொங்கிவரும் அழகிய நதி.'
மறுநாள் திரும்பி வந்தது, அவள் குறிப்போடு:
அழகு உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள்.
எது உயர்கிறது, எதிலிருந்து, எவ்வளவு?

அன்று பகல் முழுக்க வெட்கமாக இருந்தது.
பிறகு ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
பக்கம் நாற்பத்தொன்று. கோட்டு வரைபடம்.
கிடை அச்சில் மாதங்கள்.
செங்குத்து அச்சில் நீர்மட்டம், மீட்டரில்.
பிப்ரவரியில் நூற்றுப் பத்து.
ஜூலையில் உச்சம், நானூற்று இருபது.

இரவு பதினொன்றுக்கு அவளிடமிருந்து குரல்செய்தி:
"நானூற்று இருபது மீட்டரா?
அப்படியானால் நம் கடற்சிங்கங்கள்
மீன்சந்தைப் படிக்கட்டில் எதற்குக் கிடக்கின்றன?
தேவாலய மணிக்கூண்டுக்கு மேலே அல்லவா
நீந்திக்கொண்டிருக்க வேண்டும்?"

சென்டிமீட்டர்.
பதினோரு வருடம், பதினோரு வகுப்புகள்,
வெண்திரையில் ஆளுயரத்துக்குக் காட்டிய படம்.
பார்த்தோம், தலையாட்டினோம், தேறினோம்.
அளந்து எழுதிய நானும்கூட
மீட்டர் என்றுதான் எழுதினேன்.

பேராசிரியர் நனைந்த குடையோடு கீழே வந்தார்.
"வாசியுங்கள்" என்றார். வாசித்தேன்.
"இன்னொரு தரம்."
மூன்றாம் தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மன்னிப்பு என்ற சொல் அவரிடமிருந்து வரவில்லை.
குடையிலிருந்து சொட்டிய நீர்
என் மேசையடியில் குட்டையாகத் தேங்கிற்று.

அடுத்த திங்களிலிருந்து அவர் அனுப்பும் கோப்புகளில்
எழுத்து எழுத்தாக இருக்கிறது,
தலைப்பு தலைப்பாக.
வரைபடங்களுக்கு அவரே எழுதுகிறார், அலகோடு.
ஒரு நாரையின் புகைப்படத்துக்கு மட்டும்:
'இது சும்மா அழகுக்கு. தாண்டிப் போகலாம்.'
சாயென் தாண்டவில்லை.
என்ன நாரை, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று
என்னைக் கேட்டாள்.

தேர்வுத் தளம் பற்றி அக்டோபரில் பேசுவார்களாம்.
அதுவரைக்கும் அவளே மனப்பாடம் செய்திருந்தாள்:
இரண்டாவது அழிக்கும், மூன்றாவது அனுப்பும்.

நேற்றிரவு தளத்தைப் புதுப்பித்திருக்கிறார்கள்.
இப்போது நான்கு பொத்தான்கள்.