மூன்றால் வகுத்தல்

மாற்றுச் சான்றிதழில்
விலகும் காரணம் என்ற கட்டத்தில்
பெற்றோர் விருப்பம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.
மூன்றாம் தவணைப் பாக்கியைக் கட்டி
கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து
என் கடையிலேயே நகல் எடுத்தேன்.
மூன்று பிரதி.
யாரிடம் காசு வாங்குவது.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்
ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான்.
ஊர்ப் பிள்ளைகளின் மதிப்பெண்ணெல்லாம்
இந்தக் கண்ணாடிமேல் குப்புறப் படுத்துத்தான்
கல்லூரிக்குப் போயிருக்கின்றன.
என் பிள்ளை இரண்டாம் வகுப்போடு
மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான்.

திங்கட்கிழமை எட்டே காலுக்கு
மஞ்சள் வேன் வழக்கம்போல் ஹாரன் அடித்தது.
டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
செங்கதிர் ஷூவை எடுத்து
அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தான்.
நான் வாசலுக்குப் போய்க் கையை ஆட்டினேன்.
வேண்டாம் என்பதற்கும் டாட்டாவுக்கும்
ஒரே கையசைவுதான்.

அட்டவணை போட்டேன், ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து.
ஒன்பதிலிருந்து தமிழ்,
பத்திலிருந்து கணக்கு.
பத்தே காலுக்கு கேட் மூடி
கூட்ஸ் வண்டி குறுக்கே நின்றுவிட்டது.
காத்திருந்தவர்களெல்லாம் இறங்கி வந்து
ஆதார் அட்டையை நீட்டினார்கள்.
கணக்கு அதோடு போயிற்று.

"லீவா தம்பி?"
"இல்ல. நின்னுட்டேன்."
"உடம்பு கிடம்பு சரியில்லையா?"
அவன் என்னைப் பார்த்தான்.
முன்பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா என்று
கேட்டதையே திரும்பக் கேட்டேன் நான்.

ராத்திரி கத்தாரிலிருந்து வீடியோவில் அவர்:
"சரி, இந்த வருஷம் பாப்போம்.
அடுத்த வருஷம்?"
எனக்கென்ன தெரியும்.
படம் உறைந்து நின்றது, நல்லதாயிற்று.

மூன்றாம் நாள்
‘ழ’ எழுதிக்கொண்டிருந்தவன்
எழுந்து நின்று
சுண்டுவிரலை உயர்த்தினான்.
சொந்த அம்மாவிடம்.
எட்டடிக் கடையில்.
என் கையில் ஸ்கேல் இருந்தது.
அதை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.
போன வருஷம் முழுக்க
காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில்
மாலையில் நிரம்பியே வந்தது.
தாகமில்லை போல என்று
அதைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினேன்.
கன்று நன்றாக வளர்ந்தது.
குடித்தால் வரும், வந்தால் கேட்க வேண்டும்,
கேட்டால் மிஸ் உட்காரச் சொல்வார் என்பதை
அவன் சொன்னது ஏப்ரலில்,
காய்ச்சலும் நீர்க்கடுப்புமாக
மன்னார்குடி ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

மேட்டூர் திறந்து பத்தாம் நாள்
கடையைப் பூட்டிவிட்டு
மூணாறு தலைப்புக்குக் கூட்டிப்போனேன்.
பாடத்திட்டமெல்லாம் இல்லை,
பவர் கட்.
நுரையும் ஒற்றைச் செருப்பும்
தெர்மகோல் துண்டுமாக
வெண்ணாறு வந்து முட்டி நின்றது.
ஷட்டர் ஏற்றுகிறவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.
கோரையாறு, பாமணி, அந்தப் பக்கம் வெண்ணாறு.
"மூணா வகுக்கிறாங்கடா" என்றேன்.
"சமமாவா?"
தெரியாது என்றேன்.
பாடம் சொல்கிறவர் வாயிலிருந்து
அந்த வார்த்தையை அவன் கேட்டதில்லை போலும்,
தண்ணீரை விட்டுவிட்டு என்னையே பார்த்தான்.
"மீதி?"
"மீதி கடலுக்கு" என்றார் கைப்பிடிக்காரர்.
"அப்ப மீதிதான் ஜாஸ்தியா?"
அவர் சுற்றுவதை நிறுத்தி
யோசித்துவிட்டு மறுபடி சுற்றினார்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது.
ஸ்கூட்டியில் எனக்கு முன்னால் நின்றபடி
பாட்டிலை வாங்கிக் குடித்தான்,
பாதி சட்டையில்.
ரயில் வரும் வழியாகத் தெரியவில்லை.
ஒன்றும் சொல்லாமல் இறங்கி
கருவேலம் புதரோரம் போய் நின்றான்,
எந்த விரலையும் காட்டாமல்.
எங்களுக்குப் பின்னால் மஞ்சள் வேன் வந்து
ஹாரன் அடித்தது.
முடிக்கிறவரை
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.