காலுக்கு நிழல்

அல் குவைரில்
கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே
நாலடி அகலம் என் தோட்டம்.
அதிலும் பாதி கேஸ் சிலிண்டர்களுக்கு.

கிளெமாட்டிஸுக்குத் தலையில் வெயில், காலில் நிழல்
என்றான் சீப் நர்சரி குல் ஜமான்.
வெயில் இந்த நாட்டில் இலவசம்,
நிழலை மட்டும் நீ பார்த்துக்கொள்.
ஐந்தரை ரியாலுக்கு
ஒரு குச்சி, இரண்டு இலை, ஒரு அட்டை.
பூ அட்டையில் இருந்தது.

நெல்லி மோசர் என்று பெயர்.
முன்பாதியை நம்பித்தான் வாங்கினேன்.

ஜூனில் மாடித் தொட்டித் தண்ணீர்
குழாயைத் திறந்தால் ஆவியோடு வரும்.
கை பொறுக்காத அந்தத் தண்ணீரைத்தான்
நாலு நாள் ஊற்றியிருக்கிறேன்.
நெல்லி வேரோடு வெந்தது.
பிறகு ஜாக்மனி. பிறகு நியோபி.
பிறகு பெயர் வாயில் நிற்காத
மூன்று போலந்துக்காரர்கள்.

அட்டைகளை எறிய மனமில்லை.
பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்:
ஊதா, கோடுபோட்ட ரோஜா, இரத்தச் சிவப்பு.
தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம்
கொளஞ்சி நின்று படிப்பான்.
"கலெக்‌ஷன்னு சொல்றியே,
இது மார்ச்சுவரி ரெஜிஸ்டர்டா.
இந்தக் காசுக்கு முருங்கை வெச்சிருந்தா
கீரையாச்சும் மிஞ்சும்."

ஏழாவதுக்கு அட்டையே இல்லை.
எங்கோ விழுந்துவிட்டது என்று
இரண்டு ரியாலுக்குத் தள்ளிவிட்டான் குல் ஜமான்.

நான் ஏசி மெக்கானிக்.
பதினோரு வருடமாக ஊரார் அறையைக் குளிரவைக்கிறவன்.
மேல்வீட்டு ஏசித் தண்ணீர்
சிலிண்டர் தலையில் டக் டக்கென்று சொட்டுவதை
எத்தனை இரவு திட்டியபடி தூங்கியிருக்கிறேன்.
குளிர்ந்த தண்ணீர். உப்பில்லாத தண்ணீர்.
கேட்காமலே வருகிற தண்ணீர்.
புத்தி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை:
ஒரு எல்போ, மூன்றடி ஹோஸ்,
வேர்மேல் உடைந்த டைல்ஸ் அடுக்கி ஒரு கூரை.

அந்தக் கோடையில் அது சாகவில்லை.
அதற்குமேல் ஒன்றும் செய்யவும் இல்லை.

குளிர் வந்ததும்
இலைக்காம்பையே விரலாக்கி
ஹோஸைப் பிடித்தது, கேபிளைப் பிடித்தது,
டிஷ் ஆன்டெனாவைப் பிடித்தது.
பிப்ரவரியில் மொட்டு விட்டபோது
முதல் மாடி பால்கனிக்குள் போயிருந்தது.
என் பக்கம் மிஞ்சியது
பழைய ஒயர் மாதிரி ஒரு தண்டு.
அண்ணாந்தால் பூவின் முதுகு தெரியும்,
வெளிறி, நரம்போடு.

மேலே மாரிசெல். நைட் டியூட்டி நர்ஸ்.
நாலு வருடமாகக் காலடிச் சத்தம் மட்டும் பழக்கம்.
ஒரு காலை கயிற்றில் பிளாஸ்டிக் பை இறங்கியது,
உள்ளே சீட்டு:
என் பூனை இந்த இலையைக் கடிக்கிறது, விஷமா?
கொஞ்சம், என்று எழுதி
இழுத்துக்கொள்ளச் சைகை காட்டினேன்.
இதோடு வெட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.
மறுநாள் பார்த்தால்
கொடியைப் பூனைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கி
பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தாள்,
எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுகிற பதத்தில்.

அடுத்த பையில் மருந்துக் குப்பி, அதில் ஒரு பூ.
முகத்தை அன்றுதான் பார்த்தேன்:
நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம்.
பிரிட்ஜ் கதவில் ஒவ்வோர் அட்டையாக
வைத்து வைத்துப் பார்த்தோம், நானும் கொளஞ்சியும்.
எதுவும் பொருந்தவில்லை.
"பேரு இல்லாததுதான் பொழைக்குது" என்றான்,
யாரைச் சொன்னானோ.

இப்போது மே.
இதழெல்லாம் போய்
வெள்ளிமுடிச் சுழல்களாய் விதை நிற்கிறது.
ஜூலையில் இரண்டு மாத லீவு என்று
வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறாள்.
ஏசியை அணைத்துவிட்டுப் போவாள்,
எல்லோரும் அப்படித்தான் போகிறோம்.

இன்று காலை பையில் சீட்டுப் போட்டேன்:
இருபத்தெட்டில் ஓடட்டும்,
பில்லில் பாதி என்னுடையது,
ஃபில்டரும் நானே கழுவுகிறேன்.
இரண்டு தடவை அடித்தெழுதினேன்.

பை மேலே போய்விட்டது.
மதியம் தாண்டியும் கயிறு இறங்கவில்லை.
டைல்ஸ் மேல் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.