கூடம் கோணல்

காட் மீன் வாடை போகாத விரலால்
இடுப்புப் பட்டியில் செருகுகிறேன்,
சட்டைப் பொத்தான் அளவே உள்ள வேவுகாரனை.
ருனாவீக்கில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
மழை படுக்கைவாட்டில் பெய்கிறது.

இடது கால் முன்னெலும்பு
இரண்டு முறை விட்டிருக்கிறது.
முறிந்து தொங்கவில்லை. முடியளவு கீறல்,
மூன்று மாதம் மாடிப்படியோடு பகை.
பிசியோ ஹெர்கெய்ர் சொன்னார்:
"கால் பேசட்டும். நீ சும்மா இரு."

பேசியது. வாயாடிக் கால்.
நிமிடத்துக்கு நூற்று ஐம்பத்தெட்டு அடி, போதாது என்றது.
பத்து சென்டிமீட்டர் எம்புகிறாய்,
மேலே யாரைப் பார்க்க என்றது.
மணிக்கட்டு அதிர அதிர
எட்டைக் குறுக்கினேன்,
சுடுமணலில் அகப்பட்டவள்போல்
வெடுக்கு வெடுக்கென்று பாதம் எடுத்தேன்.
இருட்டில் ஆட்டுக் கண்கள்
இரண்டிரண்டாகத் திரும்பின.
நூற்று எழுபது.
எலும்பு முதல் முறையாக வாய் மூடியது.

ஒன்று மட்டும் மசியவில்லை.
இடது ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு,
வலது நாற்பத்தேழு புள்ளி நான்கு.
இடது காலில் சற்றுக் கூடுதலாகத் தங்குகிறேனாம்,
விருந்துக்குப் போன வீட்டில்போல.
இடுப்புக்குப் பயிற்சி, குதிகாலுக்கு மெத்தை,
பல் துலக்கும்போது ஒற்றைக்கால் தவம்.
அசையவில்லை எண்.
பிறவிக் கோணல் என்று எழுதி மூடினேன்.
அம்மா வழியா அப்பா வழியா என்றுகூட
பழைய கல்யாணப் படத்தில் தேடினேன்.

நேற்றுத் திரும்பும்போது
கடலோரப் பாதிச் சாலையில் அலை ஏறி அடித்தது.
மலையோரமே பிடித்துத் திரும்பினேன்,
முதல் முறையாக
வண்டிகளுக்கு முதுகு காட்டி, பயந்துகொண்டே.

எண் தலைகீழானது.
இடது நாற்பத்தேழு. வலது ஐம்பத்து மூன்று.

நின்றேன். விளக்கைத் தாழ்த்தினேன்.
நடுக்கோட்டில் விழுந்த மழை
இரண்டாகப் பிரிந்து
ஓரங்களுக்கு வழிந்துகொண்டிருந்தது,
அவசரமில்லாமல், எப்போதும்போல.
பதினோரு வருடம்
எதிரே வரும் லாரிக்கு அஞ்சி
இடது ஓரச் சரிவிலேயே ஓடியிருக்கிறேன்,
ஒரு கால் பள்ளத்தில், ஒரு கால் மேட்டில்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட்டே
கூடத்தை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

சொட்டச் சொட்ட நின்றபடி
ஹெர்கெய்ருக்குச் செய்தி அனுப்பினேன்:
கால் நலம்.
வியாழக்கிழமை சாலைக்கு
நேரம் ஒதுக்க முடியுமா?